திரும்பிப்போகப் பழைய உடம்பு ஒன்று இல்லை

ஒரு பெண் நெஞ்சுக்குள் சிலிக்கன் வைத்தாலும் கதைப்பார்கள், வைத்ததை எடுத்தாலும் கதைப்பார்கள். வைக்கும்போது "இவவுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை?" எடுக்கும்போது "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்." இந்த இரண்டு கதைக்கும் நடுவில், நெஞ்சில் கட்டோடு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை.

நடிகைகள், மொடல்கள், விளையாட்டு வீராங்கனைகள் என்று மேற்குலகில் பலர் தங்களுடைய மார்பக இம்பிளான்டை எடுத்துவிட்டதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செய்தி எங்கட ஃபோனுக்கு வந்துசேரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு தொனியில்தான் வருகிறது. ஒன்று, 'இயற்கை அழகுக்குத் திரும்பினார்'. மற்றது, 'செயற்கை அழகால் வந்த வினை'. முதலாவது பாராட்டு மாதிரி இருக்கும், இரண்டாவது ஏச்சு மாதிரி இருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எடுத்த முடிவை ஊருக்குப் பாடம் சொல்லும் கதையாக மாற்றிவிடுவதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். இம்பிளான்டை எடுப்பவர் பழைய உடம்புக்குத் திரும்பிப்போவதில்லை. அவருக்குக் கிடைப்பது மூன்றாவது ஒரு உடம்பு. அது வைப்பதற்கு முதல் இருந்ததும் இல்லை, வைத்திருந்த காலத்தில் இருந்ததும் இல்லை. அந்த மூன்றாவது உடம்போடு பழகிக்கொள்வதைத்தான் குணமாவது என்று சொல்லவேண்டும். அதற்குக் காலம் வேணும், பக்கத்தில் ஆட்கள் வேணும். "இப்பதான் நீ வடிவு" என்ற சான்றிதழ் தேவையில்லை.

கதை தொடங்கிய இடத்துக்கு ஒருக்கா போய்வருவோம். 1962, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரம். டிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண், ஆறு பிள்ளைகளின் தாய், மார்பில் குத்தியிருந்த ரோசாப்பூப் பச்சையை அழிப்பதற்காக வைத்தியசாலைக்குப் போகிறார். தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்ற இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலிக்கன் ஜெல் நிரப்பிய பை ஒன்றைச் செய்துவைத்திருந்தார்கள். அதற்கு முதல் ஒரு நாய்க்குத்தான் அதை வைத்துப் பார்த்திருந்தார்கள். இப்போது ஒரு பெண் தேவைப்பட்டது. லின்ட்சிக்குத் தன் மார்பைப் பற்றிப் பெரிய கவலை இருந்ததில்லை. தனக்குப் பிடிக்காமல் இருந்தவை தன்னுடைய காதுகள்தான், அவை வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதைச் சரிசெய்யத்தான் ஆசைப்பட்டேன் என்று பிற்காலத்துப் பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். வைத்தியர்கள் காதையும் சரிசெய்து கொடுத்தார்கள். அப்படித்தான் உலகத்தின் முதலாவது சிலிக்கன் மார்பக இம்பிளான்ட் ஒரு பெண்ணின் உடம்புக்குள் போனது.

இந்தச் சம்பவத்தைப் பகிடியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சாமான் முதலில் வந்தது. அந்தச் சாமான் தேவைப்படுகிற குறை பிறகுதான் வந்தது. 20 வருடம் கழித்து, 1982 இல், அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் அந்த நாட்டின் உணவு மருந்து நிர்வாகத்துக்கு, அதாவது எஃப்.டி.ஏ.க்கு, ஒரு கருத்தை எழுதி அனுப்பியது. சிறிய மார்பு என்பது ஒரு குறைபாடு, சொல்லப்போனால் ஒரு நோய், அதைத் திருத்தாவிட்டால் பெண்ணின் நலனே கெடும் என்பது அதன் சாரம். கோடிக்கணக்கான பெண்கள் ஒரு கடிதத்தில் நோயாளிகள் ஆகிவிட்டார்கள்.

அதனால் "நீ ஏன் வைத்தாய்?" என்று ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு முதல், அவளுக்குக் குறை இருக்கிறது என்று யார் சொன்னது என்று கேட்கவேண்டும். சொன்னவர்களில் விளம்பரக்காரர் இருக்கிறார்கள், சினிமா இருக்கிறது, காதலன் இருக்கலாம், வெள்ளைக் கோட் போட்ட டொக்டர்மாரும் இருக்கிறார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து சொன்ன ஒன்றை நம்பியதற்கு அவள் ஒருத்தி மட்டும் ஏன் தலைகுனிய வேணும்?

சரி, வைத்தபிறகு என்ன நடக்கிறது? உடம்பு தனக்குள் வந்த எந்த அந்நியப் பொருளையும் சுற்றி வடுத் திசுவால் ஒரு உறை கட்டும். இம்பிளான்டைச் சுற்றியும் அப்படித்தான். சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பு கல்லுப்போல ஆகி வலிக்கத் தொடங்கும். சிலருக்கு இம்பிளான்ட் கிழியும். சிலிக்கன் ஜெல் என்றால் கிழிந்தது வெளியே தெரியாமலே இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியவரும். இவை ஆயுள் முழுக்க உடம்பில் இருப்பதற்கான சாதனங்கள் அல்ல, காலம் போகப்போக இன்னொரு சத்திரசிகிச்சைக்கான வாய்ப்புக் கூடும் என்று எஃப்.டி.ஏ.யே சொல்கிறது. ஆகவே எடுக்கிற பெண்களில் பலர் ஒரு கொள்கைக்காக எடுக்கவில்லை. வலிக்குது, கிழிஞ்சு போச்சு, பயமா இருக்கு, அல்லது இனிக் காணும் என்று எடுக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 1992 இல் எஃப்.டி.ஏ. சிலிக்கன் ஜெல் இம்பிளான்டுகளைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகான மீளமைப்புப் போன்ற சில தேவைகளுக்கு மட்டும் அனுமதித்தது. பெரிய தயாரிப்பு நிறுவனமான டவ் கோர்னிங் வழக்குகளின் பாரம் தாங்காமல் 1995 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2006 நவம்பரில் சிலிக்கன் இம்பிளான்டுகளுக்குத் திரும்பவும் அனுமதி கிடைத்தது. அதற்குள் இன்னொரு பக்கத்தில், பிரான்சில், பொலி இம்பிளான்ட் புரொதீஸ் என்ற நிறுவனம், சுருக்கமாக பிப், மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளில் பாவிக்கிற மலிவான சிலிக்கனைப் பைகளில் நிரப்பிப் பல நாடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. 2010 இல் அது பிடிபட்டது. நிறுவனத்தின் தலைவர் ஜோன் குளோட் மாஸுக்கு 2013 டிசம்பரில் 4 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது.

2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம் பிப் இம்பிளான்ட் வைத்திருந்த ஏறத்தாழ 30,000 பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக அவற்றை எடுத்துவிடும்படி பரிந்துரைத்தது. எடுக்கிற செலவு எல்லோருக்கும் அரசாங்கத்தினுடையது. ஆனால் புதிதாக ஒன்றைத் திரும்ப வைக்கிற செலவு, புற்றுநோய்க்குப் பிறகு மீளமைப்புக்காக வைத்தவர்களுக்கு மட்டும்தான். அழகுக்காக வைத்தவர்களுக்கு இல்லை.

அரசாங்கக் காசு என்றால் வரையறை வேணும்தானே என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. எங்களுக்குப் பிரச்சினை கணக்கில் இல்லை. அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிற பிரிவில்தான். இரண்டு பெண்களையும் ஏமாற்றியது ஒரே நிறுவனம், இரண்டு பேரின் உடம்பிலும் இருந்தது ஒரே சிலிக்கன். ஆனால் ஒருத்திக்கு நோய், மற்றவளுக்கு ஆசை. நோயால் வந்தவளுக்கு இரக்கம் கிடைக்கும், ஆசையால் வந்தவளுக்கு 'வேண்டி அனுபவிக்கட்டும்'. இந்தப் பிரிவு பிரெஞ்சு அரசாங்கத்தின் கோப்பில் மட்டும் இல்லை. எங்கட வீட்டு விறாந்தையிலும் இருக்கிறது. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி ஆசைப்பட்டாள் என்று தெரிந்தால் அவளுடைய வலிக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் பல பெண்கள் இன்னொரு விதமாக அந்த மதிப்புக் குறைவை அனுபவித்தார்கள். ஓயாத களைப்பு, மூட்டு வலி, தோலில் தடிப்பு, எதையும் ஒழுங்காக நினைவில் வைத்திருக்க ஏலாத மந்தம் என்று ஒரு கூட்டம் அறிகுறிகளை அவர்கள் சொன்னார்கள். அதற்கு 'இம்பிளான்ட் நோய்' என்று தாங்களே பெயர் வைத்தார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தனியான பரிசோதனை எதுவும் இல்லை. இம்பிளான்ட் உடம்பு முழுக்கப் பாதிக்கும் நோய்களை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 1999 இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு அறிக்கை சொன்னது. வைத்த இடத்திலேயே வருகிற கிழிவு, இறுக்கம், திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய சத்திரசிகிச்சை ஆகியவைதான் பெரிய பிரச்சினை என்றும் அதே அறிக்கை சொன்னது. பல வைத்தியர்களின் அறையில் இந்த இரண்டாவது பகுதி காணாமல் போய், "எல்லாம் உங்கட மனசுக்குள்ளதான்" என்ற ஒரு வசனம் மட்டும் மிஞ்சியது.

2019 மார்ச்சில் எஃப்.டி.ஏ. இரண்டு நாள் பகிரங்க அமர்வு ஒன்றைக் கூட்டியது. பெண்கள் வந்து ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் உடம்பில் நடந்ததைச் சொன்னார்கள். அதே வருடம் யூலையில், அரிதான ஒருவகை நிணநீர்க்கலப் புற்றுநோயோடு தொடர்புபட்டிருந்த சொரசொரப்பான மேற்பரப்புடைய இம்பிளான்டுகளை சந்தையிலிருந்து மீளப்பெறும்படி எஃப்.டி.ஏ. அலர்கன் நிறுவனத்தைக் கேட்டது. ஆனால் அறிகுறி இல்லாதவர்கள் பயந்து எடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னது. 2021 ஒக்டோபரில் இம்பிளான்டுகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமானது. வைக்க முதல் ஆபத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பெண் கையொப்பமிடக்கூடிய ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் வந்தது. லின்ட்சியின் நெஞ்சில் முதலாவது இம்பிளான்ட் வைத்து 59 வருடங்களுக்குப் பிறகு.

எடுத்த பிறகு உடம்பு சுகமாகிவிட்டது என்று சொல்லும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை நாங்கள் நம்புகிறோம். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் மாறுவதில்லை. இதில் இப்ப புதுசா ஒரு வியாபாரமும் வந்திருக்கிறது. வைத்துக் கொடுத்த துறையே எடுத்தும் கொடுக்கிறது. சுற்றியுள்ள உறையை முழுசாக, ஒரே துண்டாக எடுத்தால்தான் 'நச்சு' போகும் என்று விளம்பரம் செய்து கூடுதல் காசு கேட்கிற இடங்கள் இருக்கின்றன. உறையை முழுசாக எடுத்தவர்களுக்கும் பகுதியாக எடுத்தவர்களுக்கும் அறிகுறிகள் குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'வை, சந்தோஷம் வரும்' என்று விற்றவர்கள் இப்ப 'எடு, சந்தோஷம் வரும்' என்று விற்கிறார்கள்.

எடுத்த பிறகு உடம்பு எப்படி இருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். முழு மயக்கத்தில் செய்கிற சத்திரசிகிச்சை அது. சிலருக்கு நீர் வடிவதற்குக் குழாய் போட்டிருக்கும். கொஞ்ச வாரங்களுக்கு இறுக்கமான ப்ரா போடவேண்டும். பாரம் தூக்க ஏலாது, கையை மேலே உயர்த்தித் தலை இழுப்பதுகூடக் கஷ்டம். சில இடங்களில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். தசைக்கு அடியில் வைத்திருந்தால் அந்தத் தசையும் திரும்பப் பழகவேண்டும். வருடக்கணக்காக விரிந்திருந்த தோல் உடனே சுருங்காது. காற்றுப்போன பலூன் மாதிரி, சுருக்கத்தோடு, தட்டையாக இருக்கலாம். மாதங்கள் போகப்போகத் தோல் கொஞ்சம் இறுகும். எவ்வளவு இறுகும் என்பது வயசு, இம்பிளான்டின் அளவு, வைத்திருந்த காலம், பிள்ளைப்பேறு என்று பலதைப் பொறுத்தது. சிலர் மார்பைத் தூக்கிக் கட்டுகிற இன்னொரு சத்திரசிகிச்சையும் சேர்த்துச் செய்வார்கள். சிலர் ஒன்றும் செய்யாமல் விடுவார்கள்.

இப்ப யோசியுங்கள். 20 வயசில் வைத்து 35 வயசில் எடுக்கிற ஒரு பெண் எந்தப் பழைய உடம்புக்குத் திரும்புவாள்? அந்த 20 வயசு உடம்பு இம்பிளான்ட் வைக்காதவளுக்கே 35 இல் கிடைக்காது. நடுவில் பிள்ளை பெற்றிருக்கலாம், பால் கொடுத்திருக்கலாம், மெலிந்தோ கொழுத்தோ இருக்கலாம். 'இயற்கைக்குத் திரும்பினார்' என்று எழுதுகிறவர்கள் இல்லாத ஒரு ஊருக்குப் போக அவளுக்கு டிக்கெட் எழுதிக் கொடுக்கிறார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்து, சொன்னமாதிரி வரேல்லையே என்று திரும்பவும் தன்னில்தான் பிழை தேடுவாள். முதல் தரம் அவளைச் சத்திரசிகிச்சைக் கட்டிலில் கொண்டுபோய் விட்டதும் இதே மாதிரியான ஒரு ஏமாற்றம்தான்.

எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே கதையையும் சொல்வதில்லை. அமெரிக்க மொடலும் எழுத்தாளருமான கிறிஸ்ஸி டீகன் 2020 இல் தன்னுடையதை எடுத்தார். ஏறத்தாழ 20 வயசில் வைத்தவர் அவர். அவை தனக்கு நல்லாகத்தான் இருந்தன, இப்ப இனிக் காணும், தன் அளவுச் சட்டைக்கு சிப் பூட்டவேணும், குப்புறப் படுக்கவேணும் என்ற கருத்தில்தான் அவர் எழுதினார். அதில் அழுகையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கார்ப் பந்தய வீராங்கனை டானிகா பட்ரிக் 2014 இல் வைத்து 2022 இல் எடுத்தார். இன்டிகார் பந்தயம் ஒன்றை வென்ற ஒரே பெண் அவர். அவர் காரணமாகச் சொன்னது தன் உடல்நலக்குறைவை. ஒருவருக்கு அலுப்பு, ஒருவருக்கு வருத்தம். இரண்டும் காரணம்தான். வருத்தம் வந்து எடுத்தவர்தான் உண்மையானவர், அலுத்து எடுத்தவர் விளையாட்டுக்காரி என்று தரம் பிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குள் அடிக்கடி வருகிற ஒரு வாதம் இருக்கிறது. இம்பிளான்ட் வைப்பது ஆணின் பார்வைக்குப் பணிந்துபோவது, ஆகவே எடுப்பது விடுதலை, பெண்ணியவாதிகள் அதைக் கொண்டாடவேண்டும் என்பது அந்த வாதம். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இந்தச் சந்தை பெண்களின் தாழ்வுணர்ச்சியில்தான் காசு பார்க்கிறது, அதை விமர்சிக்காமல் விடக்கூடாது. ஆனால் சந்தையை விமர்சிப்பது வேறு, அந்தச் சந்தையில் சாமான் வாங்கிய பெண்ணை விசாரிப்பது வேறு. எடுத்தவளை விடுதலை வீராங்கனை ஆக்கினால், எடுக்காதவள் அடிமை ஆகிவிடுகிறாள். எடுத்தபிறகு ஒரு நாள் இருந்து அழுகிறவள் துரோகி ஆகிவிடுகிறாள்.

அழுவாள். அதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்லவேணும். எடுத்தது சரியான முடிவு என்று நூறு வீதம் தெரிந்த பெண்ணுக்கும் போனதைப் பற்றிய கவலை வரலாம். அந்த உருவத்தோடு அவள் பத்துப் பதினைந்து வருடம் வாழ்ந்திருக்கிறாள். அந்த உருவத்தோடு காதலித்திருக்கிறாள், கலியாணம் கட்டியிருக்கிறாள், படம் எடுத்திருக்கிறாள். நிம்மதியும் இழப்பும் ஒரே நெஞ்சில் ஒரே நாளில் இருக்கலாம். "நீதானே எடுத்தனி, பிறகென்ன?" என்று கேட்டால் அவளுக்கு அந்தக் கவலையைச் சொல்ல இடமில்லாமல் போகும். "உன்ர உடம்பை நேசி" என்பதும் சில நேரம் இதே வேலையைத்தான் செய்கிறது. நேற்றுவரைக்கும் 'பெருசாக்கு' என்று கட்டளை, இன்றைக்கு 'நேசி' என்று கட்டளை. தையல் ஆறாத உடம்பை உடனே நேசிக்க ஏலாது. அதோடு ஒத்துப்போய், அதைக் கழுவி, துடைத்து, உடுத்தி ஒரு நாளைக் கொண்டுபோனால் காணும். நேசம் வந்தால் வரட்டும்.

இதே கதை புற்றுநோய்ப் பக்கத்திலும் இருக்கிறது. கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட் 1978 இல் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்தார். பொய் மார்பு வைக்காமல் வைத்தியரின் அறைக்குப் போனபோது, அது இல்லாமல் வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் சோரும் என்கிற மாதிரி அங்கிருந்த தாதி சொன்னதை அவர் 1980 இல் வந்த தன் 'கான்சர் ஜேர்னல்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார். இஸ்ரேலிய இராணுவத் தலைவர் மோஷே தயான் ஒரு கண் இல்லாமல் கறுப்புப் பட்டியோடு வந்தால் அவரைப் போர்வீரர் என்று பார்க்கிறார்கள், யாரும் அவரிடம் கண்ணாடிக் கண் வைக்கச் சொல்வதில்லையே என்பது லோர்டின் கேள்வி.

அமெரிக்காவில் 1998 இல் வந்த சட்டப்படி, மார்பு அகற்றலுக்குக் காப்புறுதி தருகிற திட்டங்கள் மீளமைப்புக்கும் காசு கொடுக்கவேண்டும். நல்ல சட்டம். ஆனால் மீளமைப்பே வேண்டாம், தட்டையாக விடுங்கள் என்று கேட்ட பெண்களுக்கும், வைத்த இம்பிளான்டை எடுத்துவிட்டுத் தட்டையாக இருக்கிறேன் என்றவர்களுக்கும் வேறொரு பிரச்சினை வந்தது. 'பிறகு மனம் மாறுவா' என்று நினைத்துச் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் மேலதிகத் தோலைத் தொங்கவிட்டே தைத்துவிட்டார்கள். பெண்கள் அமைப்பாகச் சேர்ந்து கேள்வி எழுப்பினார்கள். ஒழுங்காக, சமமாகத் தைத்துத் தட்டையாக முடிக்கிற முறைக்கு ஒரு தனிப் பெயர் 2020 இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் அகராதியில் இடம்பெற்றது. பெயர் கிடைத்தபிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்பது மறுப்பாக மட்டும் இல்லாமல் ஒரு தெரிவாகவும் ஆகிவிட்டது.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். இம்பிளான்ட் எங்களுக்குத் தூரத்து விசயம்தான். ஆனால் தட்டையான நெஞ்சு தூரத்து விசயம் இல்லை. இலங்கையில் பெண்களுக்கு ஆக அதிகமாக வருகிற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். மகரகமவுக்கோ தெல்லிப்பளைக்கோ போய்வந்த ஒரு அன்ரியோ அம்மம்மாவோ பலருடைய குடும்பத்தில் இருக்கிறார். அவருடைய சுகத்தை விசாரிக்கிறவர்கள் "ஒப்பரேசன் எப்பிடி?" என்று கேட்பார்கள். அந்த இடத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், அவரும் சொல்லமாட்டார். துண்டுப்பிரசுரத்தில் 'மார்பகம்' என்று இருக்கிறது. வீட்டில் 'நெஞ்சுப் பக்கம்', 'அந்த இடம்'. முலை என்று தமிழில் இருக்கிற நேரான சொல்லைச் சொன்னால் சண்டை. 2002 இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்ததற்குத் தமிழ்நாட்டில் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லக்கூடாத ஒன்றை இழந்தவள் தன் இழப்பை எந்தச் சொல்லால் சொல்லுவாள்?

இழக்காதவர்களுக்கும் நிம்மதி இல்லை. பள்ளிக்கூடத்திலேயே 'பலகை' எண்டு பட்டம் வைக்கிறது, "கொஞ்சம் சதை போட்டால் சாறிக்கு எடுப்பா இருக்கும்" எண்டு மாமிமார் சொல்லுறது, சட்டை தைக்கிற அக்கா அளவெடுத்துக்கொண்டே "கப் வைக்கட்டே?" எண்டு கேக்கிறது. அந்த அக்கா கேட்பது அன்பாகத்தான். ஆனால் ஹூஸ்டனில் நடந்ததும் இதுதானே. கேட்காத ஒருத்திக்குக் குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்கு மருந்தையும் நீட்டுவது.

ஆகவே எங்கட பக்கத்தில் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறோம். இம்பிளான்ட் எடுத்த பெண்ணாக இருக்கலாம், புற்றுநோயால் மார்பை இழந்தவராக இருக்கலாம், வேறெந்தச் சத்திரசிகிச்சையாலோ உடம்பு மாறிப்போனவராக இருக்கலாம். அவரைப் பார்க்கப் போனால் உடம்புக்கு மார்க்ஸ் போடாதீர்கள். 'முந்தியைவிட வடிவு' என்பதும் மார்க்ஸ்தான். ஏன் வைத்தாய், ஏன் எடுத்தாய் என்று காரணம் கேட்காதீர்கள். நோகுதா, நித்திரை வருதா, நாளைக்கு கிளினிக்குக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது என்று கேளுங்கள். கையை உயர்த்த ஏலாமல் இருக்கிறவருக்குத் தலை இழுத்துவிட ஆள் வேணும், பாரமான பையைத் தூக்க ஆள் வேணும், சமைத்துக் கொடுக்க ஆள் வேணும். அவர் அழுதால் "நீங்கள்தானே முடிவெடுத்தனீங்கள்" என்று சொல்லாமல் பக்கத்தில் இருக்க ஆள் வேணும். அவர் அழாமல், சிரித்துக்கொண்டு, புதுச் சட்டை ஒன்று வாங்கப் போவோமா என்று கேட்டால் அதற்கும் ஆள் வேணும்.

அந்த உடம்பைப் பற்றி அவர் எங்களுக்கு விளக்கம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. தானாக ஒரு நாள் கதைக்கத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் இருந்து கேட்போம்.